கதவுக்கு வெளியே ஓடிய காமெடி

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்… நான் பயப்படுகிற ஆள். கேஸை மூடினேனா? ஸ்கூல் வேன் ஏன் ஐந்து நிமிஷம் லேட்? இனியா நேற்று இருமினாளே, அது எந்த மாதிரி இருமல்? இப்படி. கோபம் எனக்குச் சரியாக வராது. வந்தாலும், ‘இதுக்குப் போய் கோபப்படலாமா?’ என்று கேட்டுக்கொண்டே பாதி வழியில் திரும்பிப் போய்விடும்.

இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால் நடந்தது. என் சின்ன நாத்தனார் பிரியாவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளையோடு விருந்துக்கு வந்திருந்தாள். கீழக்குயில்குடிப் பக்கம் எங்கள் வீடு. மாமனாரும் மாமியாரும் தங்கள் அறையைப் புது ஜோடிக்குக் கொடுத்துவிட்டு, நாலு நாளாக ஹாலில் படுக்கை.

எங்கள் பக்கத்து விருந்து கறிச்சோற்றோடு முடியாது. சாப்பிட்டு முடித்ததும் புது ஜோடியை சினிமாவுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்களை மட்டும் அனுப்புவோமா? மாட்டோம். குடும்பமே கூடப் போகும். அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். அதுதான் நாங்கள் கொடுக்கிற தனிமை!

என் வீட்டுக்காரர் போனில் பத்து டிக்கெட் போட்டிருந்தார். மாமனார், மாமியார், புது ஜோடி, நாங்கள் இருவர், என் பெரிய நாத்தனார் செல்வி மதினி. பிறகு குழந்தைகள் மூன்று பேர்… எங்கள் ஏழு வயது இனியா, மதினியின் பத்து வயது மகள் நிவேதா, அவள் தம்பி ஐந்து வயது கவின்.

“என்ன படம்?” என்று கேட்டேன்.

“காமெடிப் படம். பிள்ளைகளும் பாக்கலாம்.”

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் யோசித்துச் சொல்லவில்லை. நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. காமெடி என்றால் பிள்ளைகளுக்கு. சண்டை என்றால் பையன்களுக்கு. அழுகை என்றால் எங்களுக்கு. எப்போதோ பங்கு பிரித்துவிட்டோம்.

காளவாசல் பக்கம் ஒரு தியேட்டர். வேன் பிடித்துப் போய் இறங்கினோம். வேன்காரர், “படம் முடியவும் வாரேன்” என்று போய்விட்டார். டிக்கெட் பார்க்கிற அண்ணன் எங்கள் போனைப் பார்த்தார். அப்புறம் குழந்தைகளைப் பார்த்தார்.

“பிள்ளைகளை விட முடியாதுங்க. படம் ஏ.”

“அண்ணே, காமெடிப் படம்ணே!” என்றார் என் வீட்டுக்காரர்.

“காமெடிதாண்ணே. பெரியவங்க காமெடி.”

“சிரிக்கத்தானே போறோம்? அதுல என்ன பெரியவங்க, சின்னவங்க?”

“பதினெட்டு வயசுக்கு மேலதானான்னு உங்க போனே கேட்டிருக்கும்ணே. நீங்கதான ஆமான்னு அமுக்கியிருக்கீக.”

அமுக்கியிருக்கிறார். படிக்காமலே அமுக்கியிருக்கிறார். லோன் பேப்பரிலிருந்து பள்ளிக்கூட ஃபாரம் வரை அவர் அப்படித்தான் அமுக்குவார். ராத்திரி உட்கார்ந்து படிப்பது நான்.

“எனக்கு வயசு பத்துமாப்பா?” என்று மாமியார் உண்மையான கவலையோடு கேட்டார்.

“உங்களுக்கு மூணு மடங்கு பத்தும் ஆத்தா. உள்ள போங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கணக்குப் பார்த்தோம். ஏழு பெரியவர்கள், மூன்று குழந்தைகள். யாராவது ஒருவர் வெளியே இருக்க வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு முகங்களும் என் பக்கம் திரும்பின. கெட்ட எண்ணத்தோடு இல்லை… சுவரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகுமே, அந்த மாதிரி.

“நீங்க போங்க. நான் பார்த்துக்கிறேன்.”

சொன்னது நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. புது மாப்பிள்ளை மட்டும், “அக்கா, நான் வேணா இருக்கேனே…” என்று ஆரம்பித்தார். “ஐயையோ, மாப்ள! நீங்க எதுக்கு மாப்ள!” என்று என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். எனக்காக அப்படி ஒரு ‘ஐயையோ’ வந்திருந்தால் மறுத்துவிட்டு வெளியேதான் இருந்திருப்பேன். ஆனால் வந்திருக்கலாம் இல்லையா?

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தவள். கோலா உருண்டைக்கு அரைத்து, உருட்டி, பொரித்து, ஒன்றுகூட உடையாமல் எடுத்தவள். தியேட்டரில் பெரியவர்கள் படம் ஒன்று பார்த்து எட்டு வருஷம் ஆகிறது… இனியா வயிற்றில் இருந்தபோது பார்த்தது. அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் பேசுகிற கரடி, பறக்கிற நாய்.

கதவு மூடியது. லாபியில் ஒரு நீள சோபா. மூன்று குழந்தைகளையும் உட்காரவைத்து எண்ணினேன். தண்ணீர் குடிக்கவைத்தேன். பாத்ரூம் அழைத்துப் போனேன். திரும்ப வந்து எண்ணினேன். ஏசி நேராகக் கவின் தலையில் விழுகிறது என்று இடம் மாற்றினேன். பதினைந்து நிமிஷம் போயிருந்தது.

உள்ளிருந்து முதல் சிரிப்பு வந்தது. கதவு தடிமனானது; ஆனாலும் வந்தது. நூறு பேர் ஒன்றாகச் சிரித்தால் சுவர் என்ன செய்யும்?

“அம்மா, என்ன காமெடி?” என்றாள் இனியா.

“தெரியாது.”

“நாங்களே காமெடி பண்ணவா?”

பண்ணுங்கள் என்றேன். இனியா உடனே டைரக்டர் ஆகிவிட்டாள். “நான்தான் ஹீரோ. பொண்ணு பாக்க வந்திருக்கேன். கவின், நீ என் ஃபிரெண்டு. நிவி அக்கா, நீ காபி கொண்டு வா.”

நிவி எழுந்தாள். இல்லாத தட்டைக் கையில் பிடித்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. தொம்… தொம்… என்று காலை அழுத்தி வைத்து, உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு நடந்து வந்தாள்.

கவின் கத்தினான்: “மாப்ள! பூமி அதிருதுடா!”

இனியா அண்ணாந்து பார்த்தாள். கண்களை உருட்டினாள். “டேய், பொண்ணைக் கேட்டா, லோடு லாரியை அனுப்பியிருக்காங்கடா!” என்று சொல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள்.

அடுத்த காட்சிக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். “பாப்பா என்னமா நடிக்குது! டிவியில சேர்த்து விடுங்கம்மா!” என்றார் அவர் மனைவி.

நானும் சிரித்தேன்.

இதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாது. நானும் சிரித்தேன்… முதலில் சிரித்ததே நானாகக்கூட இருக்கலாம். என் மகள் அழகாக விழுந்தாள் என்று பெருமை வேறு. அதன் பிறகுதான் நிவியைப் பார்த்தேன். கையில் இல்லாத தட்டை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல பழக்கமான சிரிப்பு. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் ‘பரவாயில்லைங்க’ என்று சிரிப்போமே, அது. பத்து வயதுப் பிள்ளை முகத்தில்.

நிவி கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அவ்வளவுதான். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருவாள். மிமிக்ரி பிரமாதமாகச் செய்வாள். இப்போது நான் அவளைப் பற்றி முதலில் எழுதுவது எதை? பார்த்தீர்களா… அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது.

பாப்கார்ன் வாங்கி வந்தேன். இனியாவும் கவினும் பாய்ந்தார்கள்.

“நிவி, எடுத்துக்கோ.”

“வேணாம் அத்தை.”

“உனக்குத்தான் கேரமல் வாங்கினேன். புடிக்கும்ல?”

“வயிறு ஃபுல்லா இருக்கு அத்தை.”

வயிறு எப்படி ஃபுல்லாக இருக்கும்? மத்தியானம் பரிமாறியவள் நான். இரண்டு கோலா உருண்டை வைத்தேன். தம்பி தட்டுக்குத் தள்ளிவிட்டாள். சோறு ஒரு கரண்டி. ‘பெரிய பொண்ணாயிட்டா, தம்பிக்கு விட்டுக் கொடுக்குறா’ என்று மாமியார் மெச்சினார். நானும் மெச்சினேன்.

பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். “இந்த விளையாட்டுல எப்பவும் நீதான் பொண்ணா?”

“ஆமா அத்தை. வேற யாரு?”

“ஸ்கூல்லயும் இப்படி விளையாடுவீங்களா?”

“ஸ்கூல்ல வேற.”

“வேறன்னா?”

அவள் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை இல்லை. ‘ஏ’ என்ற ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது படிக்க?

உள்ளிருந்து இன்னொரு சிரிப்பு.

படம் முடிந்து எல்லோரும் வந்தார்கள். செல்வி மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாமனார் முகத்தில் ஒரு மாதிரி வெட்கம். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் வேனில் ஏறிக்கொண்டார்.

“கதை என்ன மதினி?”

“நல்ல காமெடிதான்… அது… பிள்ளைக இருக்குல்ல, விடு.”

மாமியாரிடம் போனேன். “நீங்க சிரிச்சீங்களா அத்தை?”

“நான் கண்ண மூடிக்கிட்டேன்.”

“சிரிச்சீங்களான்னு கேட்டேன்.”

“காத மூட முடியலையே!” என்றார். சொல்லும்போதே குலுங்கினார். அடுத்த நொடி முகத்தைச் சரிசெய்துகொண்டு, “நீ பாக்க வேணாம்” என்றார். எனக்கு முப்பத்துநாலு வயது. எம்.காம்.

பிரியா மட்டும் வீட்டில் பாத்திரம் கழுவும்போது காதோடு சொன்னாள். “அண்ணி, நீங்க கட்டாயம் பாக்கணும். நம்ம வீடு மாதிரியே இருக்கு.”

மறுநாள் திங்கட்கிழமை. இந்தப் பத்திரிகையிலிருந்து போன். நகைச்சுவைச் சிறப்பிதழ் வருகிறதாம். “பெரியவங்களுக்காக எடுத்த காமெடிப் படங்கள்ல பெஸ்ட்டுன்னு நீங்க நினைக்கிற பத்துப் படம், மேடம். லிஸ்ட்டா கொடுத்திருங்க.”

பத்தா? உட்கார்ந்து யோசித்தேன். நான் விழுந்து விழுந்து சிரித்த படங்கள் எத்தனையோ நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்தேன். இதில் குண்டாக இருப்பவரைப் பந்து மாதிரி உதைப்பார்கள். இதில் கறுப்பான பெண் வந்ததும் கரண்ட் போய்விட்டது என்பார்கள். இதில் திக்கிப் பேசுகிறவர். இதில் வழுக்கை. இதில் பெண் வேஷம் போட்ட ஆண். இதில் பெண்டாட்டி என்பவளே ஒரு ஜோக். எல்லாம் ‘யு’. எல்லாம் குடும்பத்தோடு பார்த்தவை. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவை.

‘பொண்ணு பார்க்கிற காமெடி’யை இனியா எங்கே கற்றாள் என்று நான் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. நான்தான் போட்டுக் காட்டினேன். அவள் சாப்பிட அடம்பிடிப்பாள். காமெடி சேனலைப் போட்டால் வாயைத் திறப்பாள். ஒரு ஜோக்குக்கு ஒரு வாய். இரண்டு வயதிலிருந்து இப்படித்தான் ஊட்டினேன். நெய் சுத்தமா, பால் கலப்படமா, தண்ணீர் கொதித்ததா என்று ஆயிரம் தடவை பார்த்தவள்… கூடவே என்ன உள்ளே போகிறது என்று ஒரு தடவை பார்த்தேனா?

செவ்வாய்க்கிழமை இனியாவை வேனில் ஏற்றிவிட்டேன். “டெய்லர் கடைக்குப் போயிட்டு வாரேன் அத்தை” என்று பொய் சொன்னேன். காளவாசலில் இறங்கினேன். காலைக் காட்சி. வாசலில் அதே அண்ணன்.

“இன்னைக்குப் பிள்ளைக வரலையாம்மா?”

“இல்லண்ணே.”

“போங்க, போங்க. இன்னும் போடல.”

உள்ளே பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். சுவரோர சீட்டில் உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன்.

படத்தின் பெயரை எழுத மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். கதை இதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும். ஒரே மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. வீட்டில் ஒரே ஒரு பெட்ரூம். புது ஜோடிக்கு அதைக் கொடுத்துவிட்டு இவர்கள் ஹாலுக்கு வருகிறார்கள். ஹாலில் படுத்ததும் இவர்களுக்கு ஒன்று தெரிகிறது… முப்பது வருஷமாகத் தனியாகப் பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்தது, இப்போது இல்லை. பேச மட்டும் இல்லை. அந்த இடத்தைத் தேடி இரண்டு பேரும் ஊர் முழுக்க அலைகிறார்கள். லாட்ஜுக்குப் போனால் ஐடி கார்டு கேட்கிறார்கள். கொடுத்தால், ‘கணவன் மனைவிதானே, வீடு இல்லையா?’ என்று கூடுதல் சந்தேகம். வரவேற்பில் நிற்பவன் மகனின் கூடப் படித்தவன். அந்த அம்மா பூரண கும்பம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ‘உங்க மாமாவுக்குப் பல்லு வலி தம்பி’ என்கிறாள். பல் வலிக்கு ஏன் லாட்ஜ்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்!

இரண்டு மூன்று கெட்ட வார்த்தைகள் வருகின்றன. கதவைச் சாத்திய பிறகு இருவரும் பேசிக்கொள்வது வருகிறது. ‘ஏ’ அதற்காகத்தான். இருக்கட்டும். நியாயம். குழந்தைகளுக்குப் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த அம்மாவாக நடித்தவர் நல்ல பருமன். நைட்டியில் வருகிறார், ஆட்டோவில் ஏறுகிறார், மாடிப்படியில் மூச்சு வாங்குகிறார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்வார்கள்… ஆட்டோக்காரர் டயரைப் பார்ப்பார்… இப்போது படி உடையும்… இதோ, கணவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்…

சொல்லவே இல்லை. இரண்டேகால் மணி நேரம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அந்தக் கதையில் ஒரு மனைவி. அவ்வளவுதான். அவர் சிரிக்கும்போது நாங்களும் சிரித்தோம். அவர் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது எங்களுக்கு நாங்கள் மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்து சிரித்தோம். அவர் உடம்பு ஜோக் ஆகவே இல்லை.

வெளியே வந்ததும்தான் கோபம் முழுசாக வந்தது. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, யார் மேல் என்றே தெரியாமல் கொதித்தேன். ஒரு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள்… பிள்ளைகளே, வெளியே போங்கள். பத்து வயதுப் பெண்ணை லாரி என்கிறார்கள்… வாங்க பிள்ளைகளா, வந்து உட்காருங்க, சாப்பிட்டுக்கிட்டே பாருங்க! இந்தக் கணக்கைப் போட்டது யார்? சென்சார் போர்டில் உட்கார்ந்திருப்பவர்களைத் திட்டலாம். படம் எடுப்பவர்களைத் திட்டலாம். ரிமோட் யார் கையில் இருந்தது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிவியை அணைத்தேன். இனியா ஒன்றேகால் மணி நேரம் ஒரு தோசையோடு உட்கார்ந்திருந்தாள்.

“காமெடியைக் காமெடியாப் பாரு. இம்புட்டு யோசிச்சா எப்படிச் சிரிக்கிறது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க நிவியாப் பாருங்க” என்றேன்.

லாபியில் நடந்ததைச் சொன்னேன். பாப்கார்னைச் சொன்னேன். அவர் அக்கா மகள். தூக்கி வளர்த்தவர். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். அப்புறம் எழுந்து போய் கையைக் கழுவினார்.

இனியாவிடம் பேசினேன். நிவி அக்காவுக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். குறும்பு இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தாள்.

“நீ சிரிச்சியேம்மா… அதான் நல்லாப் பண்ணேன்.”

“அம்மா பண்ணது தப்பு” என்றேன். ஏழு வருஷத்தில் அவளிடம் எத்தனையோ தடவை மனசுக்குள் சொன்னது… வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்தது கஷ்டமானது. செல்வி மதினியிடம் சொல்ல வேண்டும். சொன்னால், ‘என் பிள்ளையைக் குண்டுன்னு சொல்றியா?’ என்று வரும். சொல்லாவிட்டால்? ஒருவேளை எல்லாம் என் கற்பனையோ? அன்று நிஜமாகவே வயிறு நிறைந்திருந்ததோ? போனை எடுத்தேன், வைத்தேன். துணி மடித்தேன். மறுபடி எடுத்தேன். புதன்கிழமை சாயங்காலம்தான் கூப்பிட்டேன். சுற்றி வளைத்து, திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

“அவளே உன்ட்ட சொன்னாளா?” மதினியின் குரல் மாறியிருந்தது.

“சொல்லல மதினி. பாப்கார்ன் வேணாம்னா. அம்புட்டுதான்.”

அந்தப் பக்கம் டப்பா ஒன்றைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“டிபன் டப்பாவும் அப்படியேதான் வருது” என்றார் மதினி. “ஒரு மாசமா. ‘டீச்சர் சீக்கிரம் பெல் அடிச்சிட்டாங்க’ங்கிறா. நானும் நம்பிக்கிட்டு இருக்கேன்.”

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சரைப் பார்த்தார். அது வேறு கதை. அவர் நன்றாகவே சண்டை போடுவார், எனக்குக் கவலை இல்லை. எனக்கிருந்த கவலை, இதில் என் வீட்டுக்குள் நடந்த பாதி.

“ஞாயித்துக்கிழமை பிள்ளைகள அனுப்பி வைக்கிறேன்” என்றார் அன்று ராத்திரி போனில். “பாத்துக்க.”

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி இனியா நேராக நின்று, “ஸாரி நிவி அக்கா. இனிமே அப்படி விளையாட மாட்டேன்” என்றாள். மேடையில் ஒப்பிக்கிற மாதிரி. நிவி, “பரவால்ல” என்றாள். அதே பஸ் சிரிப்பு.

அப்புறம் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். டிவி கிடையாது, விளையாட்டும் கிடையாது. ஃபேன் சத்தம் மட்டும். நல்லது செய்கிறேன் என்று பிள்ளைகள் வாயையே அடைத்துவிட்டேனோ? அடுப்பில் வெங்காய போண்டா போட்டுக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன்.

“வேற என்ன காமெடி பண்றது?” என்றாள் இனியா, சலிப்போடு.

நிவி எழுந்தாள். ஆணியில் தொங்கிய என் ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டினாள். என் துப்பட்டாவை எடுத்துக் குறுக்கே போட்டாள். புருவத்தை நடுவில் குவித்தாள். விரலை நீட்டினாள்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு. ஐயையோ, மூணுதானா? நாலு பேரு வந்தமோ? கவின், ஒண்ணுக்கு வருதா? வரலையா? வரலைன்னாலும் போ! அண்ணே… டிக்கெட் அண்ணே… இந்த ஏசிய அந்தப் பக்கம் திருப்ப முடியுமாண்ணே? பிள்ளைக்குச் சளி பிடிக்கும்ணே. இனியா, தண்ணி குடி. குடிச்சியா? எங்க, முழுங்கிக் காட்டு!”

தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். பையில் வைத்தாள். இரண்டு அடி நடந்தாள். நின்றாள். நெஞ்சில் கை வைத்தாள். மறுபடி எடுத்துத் திருகிப் பார்த்தாள். வைத்தாள். இன்னும் இரண்டு அடி…

இனியா தரையில் புரண்டாள். இந்தத் தடவை நடிப்பு இல்லை. கவினுக்கு விக்கல் வந்துவிட்டது. மாமனார் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார், பேப்பர் ஆடியது. மாமியார் கண்ணை மூடவே இல்லை. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் வீட்டுக்காரர்… “அந்த மூடி! அந்த மூடி! அப்படியே இவதான்!”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே சுருக்கென்றது. அவர்களுக்காகத்தானே எண்ணினேன்? அவர்களுக்காகத்தானே வெளியே உட்கார்ந்தேன்? கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, கோபப்படலாமா என்று யோசித்தேன்.

அப்போது நிவி என் பக்கம் பார்த்தாள். சரியாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை. கொஞ்சம் பயம், நிறைய சந்தோஷம். முகத்தில் பஸ் சிரிப்பு இல்லை.

“பாட்டிலை எடுக்குறப்ப ஒரு பெருமூச்சு விடணும்டி” என்றேன். “அத விட்டுட்ட.”

அவள் பெருமூச்சோடு மறுபடி செய்து காட்டினாள். தோளில் என் பை தொங்க, மூச்சு வாங்க என்னிடம் வந்து, தட்டிலிருந்து ஒரு போண்டாவை எடுத்தாள். கடித்தாள். சூடாக இருந்ததால் வாயைத் திறந்து ஹா, ஹா என்று ஊதினாள். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். தம்பிக்கு இல்லை. அவளுக்கு.

இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். மதினியையும் கேட்டேன். சரி என்றார்கள். ‘நிவேதா’ என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். சொந்தப் பெயர் வேறு.

சிறப்பிதழ் ஆசிரியர் குழுவுக்கு… பத்துப் படம் தேறவில்லை, மன்னியுங்கள். இரண்டுதான் தேறியது. ஒன்று, காளவாசலில் நான் பொய் சொல்லிவிட்டுப் பார்த்தது. இன்னொன்று, எங்கள் ஹாலில் நாலு நிமிஷம் ஓடியது. அதற்கும் சர்டிஃபிகேட் கொடுக்கச் சொன்னால் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்றுதான் கொடுப்பேன். நம்மைப் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்கும்போது தாங்கிக்கொள்ளப் பதினெட்டு வயது போதாது. முப்பத்துநாலே பத்தவில்லை.

நான் சிரித்தேனா என்று கேட்கிறீர்களா? சிரித்தேன்… பாட்டில் மூடியை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு.